செல்லும்

வர்த்தமானி வியாழக்கிழமை வந்தது.
தலவாக்கலைக் கிளையில் காலியாக இருந்த ஒரே ஆணியில்
மேனேஜர் அதைக் குத்திவைத்தார்.
மூன்று மொழியில் ஒரே சங்கதி:
சட்டத்தின் இன்ன பிரிவு தந்த அதிகாரத்தின்படி,
அமைச்சரின் ஒப்புதலோடு,
தேயிலைக்கு ஒரு ஞாபகார்த்த நாணயம்.
முகப்பெறுமதி இருபது ரூபா.
விட்டம் இருபத்தெட்டு தசம் ஐந்து மில்லிமீற்றர்.
நிறை பன்னிரண்டு கிராம்.
ஓரம் பல்வெட்டு.
ஒரு பக்கம் அரசின் இலச்சினை,
மறுபக்கம் கொழுந்து பறிக்கும் பெண், கூடையோடு.
அவளுக்குப் பேர் குறிப்பிடப்படவில்லை;
சட்டம் அதைக் கேட்கவில்லை.

கூட்டமில்லாத மத்தியானத்தில் நின்றபடியே படித்தேன்.
ஐந்தாம் பந்தியில் ஒரு வரி:
நிறையில் நூறில் ஒரு பங்கு கூடலாம், குறையலாம்,
அதனால் நாணயம் பழுதாகாது.
உலோகத்தின்மேல் எவ்வளவு பெருந்தன்மை.
பத்தாம் நம்பர் மலையில்
சாக்குக்கு இரண்டு கிலோ, ஈரத்துக்கு ஒரு கிலோ
வெட்டிவிட்டுத்தான் தராசு பேசும்.
அதற்குப் பிறகும் ஒரு கை குறைந்தால்
அன்றைக்கு அரைப் பேர்.
இந்தக் கண்ணாடிக்கு இப்பால் நான் வந்து உட்கார
அம்மாவின் எத்தனை அரைப் பேர்கள் போயின என்று
கூட்டிப் பார்த்ததில்லை,
காசாளராக இருந்தும்.

சனிக்கிழமை கதிரியம்மா வந்தாள்.
பெட்டியோடு ஆயிரத்து நானூறு என்றேன்.
முகப்பெறுமதி வேறு, வெளியீட்டு விலை வேறு,
இரண்டுக்கும் சட்டத்தில் இடமுண்டு என்றேன்.
'ஒரு முழுப் பேரக் குடுத்து இருவது ரூவாயா?'
கூட வந்தவள் சிரித்தாள்.
கதிரியம்மா சிரிக்கவில்லை. எண்ணி வைத்தாள்.
பெட்டியைத் திறந்து வெளிச்சத்தில் பிடித்தாள்.
'கூடைய நெத்தியில மாட்டாம தோள்ல மாட்டியிருக்கா.
இவளுக்கு ஒரு நாளும் நெறையாது.'

பிறகு கேட்டாள்:
'இது செல்லுமா மிஸ்?'
செல்லும்.
'யார் சொன்னா?'
ஆணியைக் காட்டினேன்.
'கடையில?'
கடையிலும்.
பல்லால் உறையைக் கிழித்தாள்.

எதிர்க்கடை ஜவுபர் நானா
நெருப்புப்பெட்டியைக் கொடுக்கவில்லை.
'இது வெளையாட்டுச் சாமான், காசில்ல' என்றாராம்.
திரும்பி வந்து நின்றாள்,
கோபமில்லை, என்னைச் சோதிப்பவள்போல்.
வர்த்தமானியைக் கழற்றி ஒரு கொப்பி எடுத்தேன்,
தமிழ்ப் பக்கம் மட்டும்.
'எந்தத் தொகையையும் செலுத்துவதற்குச்
சட்டமுறையாகச் செல்லுபடியாகும்'
சிவப்புப் பேனையால் அடிக்கோடு.
அதற்கு நான் யாருடைய ஒப்புதலையும் கேட்கவில்லை.

கதவுக்கு வெளியே மழை. அவள் தாளைச்
சேலைக்குள் செருகிக்கொண்டு ரோட்டைக் கடந்தாள்.
ஒரு தகட்டைச் செல்லும் என்று சொல்ல
இத்தனை பந்தி, ஒரு கையொப்பம்.
நாற்பத்தெட்டிலும் இப்படி ஒரு தாள்தான்
எங்களில் கிட்டத்தட்ட எல்லோரையும்
செல்லாது என்றது.
அதிலும் பந்திகளுக்கு ஒழுங்காக இலக்கம் இட்டிருப்பார்கள்.
கடைசி ஆள்வரை செல்லும் என்று சொல்ல
இன்னொரு தாளுக்கு ஐம்பத்தைந்து வருடம் பிடித்தது.
அதற்கிடையில் கப்பலேறியவர்களை
எந்தப் பிரிவின்கீழ் எழுதுவது?

நானா இரண்டு தடவை வாசித்தாராம்.
நெருப்புப்பெட்டியைக் கொடுத்துவிட்டு
தாளைத் தனக்கே வைத்துக்கொண்டாராம்.

திங்கட்கிழமை அவருடைய வைப்புப் பணத்தில்
அது கிடந்தது, ஓரத்தில் வெற்றிலைச் சுண்ணாம்போடு.
எண்ணும் மெஷின் மூன்று தடவை வெளியே துப்பியது:
அதற்குத் தெரிந்த விட்டம் அல்ல.
நான்காம் தடவை கையால் எண்ணினேன்.
இருபது.
அடுத்து நின்றவர் லிந்துலை பஸ்ஸுக்கு ஓடவேண்டியவர்.
சில்லறையோடு அதையும் தள்ளினேன்.
அவர் பார்க்காமலே
சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.